டீசலா, பெட்ரோலா? தாம்பரத்தில் லோடு வண்டி வாங்குபவர்கள் போட வேண்டிய '75 கி.மீ.' கணக்கு

அதிகாலை 4 மணிக்கு ஜி.எஸ்.டி சாலையில் நின்று பார்த்தால் தெரியும். கோயம்பேட்டில் இருந்து காய்கறி ஏற்றி வரும் வண்டிகள், தண்ணீர் கேன் வண்டிகள், கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம், சேர் கொண்டு போகும் வண்டிகள், ஒரகடம் பக்கம் உதிரி பாகம் ஏற்றிப் போகும் பிக்-அப்கள். தென் சென்னை புறநகர் ஓடுவதே இந்த வண்டிகளை நம்பித்தான். இதில் பல வண்டிகளில் ஓனரும் அவரே, டிரைவரும் அவரே.

அப்படி ஒருவர் புது வண்டி எடுக்கப் போனால் முதலில் காதில் விழும் அட்வைஸ் இதுதான்: "லோடு வண்டின்னா டீசல்தான்பா. பெட்ரோல் எடுத்தா கட்டுப்படியாகாது."

பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்பு இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொருந்திய அட்வைஸ். இன்று அப்படி இல்லை. நாளுக்கு 50 கி.மீ. ஓட்டுபவருக்கும் 120 கி.மீ. ஓட்டுபவருக்கும் விடை வேறு வேறு. தவறான பதிலைத் தேர்ந்தெடுத்தால் கடன் முடியும்வரை ஒவ்வொரு மாதமும் கையில் இருந்து பணம் போகும். அது எப்படி? எளிமையாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

2025-ல் சின்ன லோடு வண்டி சந்தையில் சில மாற்றங்கள் நடந்தன.

ஜூன் மாதம் டாடா மோட்டார்ஸ் 'ஏஸ் புரோ' வண்டியை அறிமுகம் செய்தது. பெட்ரோல், பெட்ரோலும் சி.என்.ஜி.யும் சேர்ந்தது, மின்சாரம் என மூன்று வகை. டீசல் இல்லை. பெட்ரோல் வகையின் அறிமுக ஷோரூம் விலை 3.99 லட்சம் ரூபாய். ஏற்றக்கூடிய எடை 750 கிலோ.

செப்டம்பரில் அதே நிறுவனம் 'ஏஸ் கோல்டு பிளஸ்' என்ற டீசல் வண்டியைக் கொண்டு வந்தது. அறிமுக விலை 5.52 லட்சம் ரூபாய். எடை 900 கிலோ. அதற்கு முன்பே ஜனவரியில் அசோக் லேலண்ட் 'சாத்தி' என்ற டீசல் வண்டியை 1,120 கிலோ எடைத் திறனுடன் அறிமுகம் செய்திருந்தது.

செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதனால் மேலே சொன்ன அறிமுக விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷோரூமில் இன்றைய 'ஆன் ரோடு' விலையைக் கேட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரே கம்பெனி ஒரே வருஷத்தில் 'டீசல் வேண்டாம்' என்பவருக்கும் 'டீசல்தான் வேண்டும்' என்பவருக்கும் தனித்தனி வண்டி விற்கிறது. இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரிகிறது. நாம் அதில் யார் என்பதுதான் கேள்வி.

லோடு வண்டி என்றாலே டீசல் என்று ஆனது எப்படி?

இரண்டு காரணங்கள். ஒன்று இன்ஜின், இன்னொன்று அரசின் விலைக் கொள்கை.

முதலில் இன்ஜின். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி வைத்து எரிபொருளைப் பற்ற வைக்கும். டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. காற்றை மிக அதிகமாக அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அழுத்தம் அதிகம் என்பதால் அதே அளவு எரிபொருளில் அதிக வேலை நடக்கும். போதாததற்கு, ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றலே ஒரு லிட்டர் பெட்ரோலை விடப் பத்து சதவீதத்துக்கும் மேல் அதிகம். மைலேஜ் கூடுவதற்கு இதுதான் காரணம். குறைந்த வேகத்திலேயே இழுவிசை, அதாவது டார்க், கிடைக்கும். லோடோடு மேம்பாலம் ஏறும்போது கியரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது விலை. பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது. டீசலுக்கு மட்டும் 2014 அக்டோபர் வரை தொடர்ந்தது. நடுவில், 2012 மே மாதம் பெட்ரோல் ஒரே அடியாக ஏழு ரூபாய்க்கு மேல் ஏறியபோது, சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடைவெளி லிட்டருக்கு 30 ரூபாயைத் தாண்டியது. அந்தக் காலத்தில் டீசல் வண்டி வாங்கியவர் கணக்குப் பார்க்கவே வேண்டியதில்லை.

2005-ல் முதல் டாடா ஏஸ் வந்ததும் டீசலில்தான். தமிழ்நாட்டில் அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் வந்தது. 'குட்டி யானைன்னா டீசல்' என்ற பழக்கமும் அதோடு சேர்ந்தே வந்தது.

அப்புறம் என்ன மாறியது?

விலை இடைவெளி சுருங்கிவிட்டது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைக்கப்பட்ட பிறகு சென்னையில் பெட்ரோல் சுமார் 100 ரூபாய் 80 காசு, டீசல் சுமார் 92 ரூபாய் 40 காசு என்ற அளவில் நின்றது. 2025-லும் பெரிய மாற்றம் இல்லை. ஆக, 30 ரூபாய் இடைவெளி எட்டு, எட்டரை ரூபாயாகிவிட்டது.

அடுத்தது புகை விதி. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்தது. டீசல் வண்டியின் சைலன்சரில் கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டர், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவி, சென்சார்கள் என்று பல சேர்ந்தன. வண்டி விலை ஏறியது, பராமரிப்பும் ஏறியது. மாருதி சுஸூகி அந்த ஆண்டோடு டீசல் வண்டி தயாரிப்பதையே நிறுத்தியது. 2016-ல் டீசலில் அறிமுகமான அதன் 'சூப்பர் கேரி' லோடு வண்டி இன்று பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் மட்டுமே கிடைக்கிறது.

ஒரு சுவாரஸ்யமான விஷயம். ஏஸ் கோல்டு பிளஸ் டீசலின் டார்க் 55 நியூட்டன் மீட்டர். ஏஸ் புரோ பெட்ரோலின் டார்க்கும் அதே 55. எடைத் திறனில் டீசல் வண்டி முன்னால் நிற்கிறது, உண்மைதான். ஆனால் இந்தச் சின்ன வண்டி வகையில் 'பெட்ரோல்னா இழுக்காது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

சரி, கணக்கு என்ன?

இது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

லோடோடு டீசல் வண்டி லிட்டருக்கு 18 கி.மீ., பெட்ரோல் வண்டி 14 கி.மீ. தருவதாக வைத்துக்கொள்வோம்.

• டீசல்: 92.40-ஐ 18-ஆல் வகுத்தால், கி.மீ.க்கு 5 ரூபாய் 13 காசு
• பெட்ரோல்: 100.80-ஐ 14-ஆல் வகுத்தால், கி.மீ.க்கு 7 ரூபாய் 20 காசு
• வித்தியாசம்: கி.மீ.க்கு சுமார் 2 ரூபாய் 7 காசு

இதோடு நிறுத்தினால் டீசல்தான் ஜெயிக்கும். ஆனால் டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு யார் வட்டி கட்டுவது?

கூடுதல் விலை 1.5 லட்சம், அது முழுவதும் கடன், 12 சதவீத வட்டி, 48 மாதத் தவணை என்று வைத்தால், அந்த 1.5 லட்சத்துக்கு மட்டும் மாதம் சுமார் 3,950 ரூபாய் கட்ட வேண்டும்.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் மாதம் 26 நாள் ஓட்டுகிறார்கள்.

முதல் நபர் நாளுக்கு 50 கி.மீ., மாதம் 1,300 கி.மீ. டீசலால் மிச்சம் சுமார் 2,690 ரூபாய். கூடுதல் தவணை 3,950. ஆக, மாதம் 1,260 ரூபாய் நஷ்டம். நான்கு வருஷத்தில் 60,000 ரூபாய். கடன் முடிந்த பிறகு மிச்சமாகும் பணத்தில் அந்த நஷ்டத்தை ஈடுகட்டவே இன்னும் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும். அதாவது டீசல் வாங்கியதன் பலன் அவர் கைக்கு வர ஆறு வருஷம்.

இரண்டாவது நபர் நாளுக்கு 120 கி.மீ., மாதம் 3,120 கி.மீ. மிச்சம் சுமார் 6,450 ரூபாய். தவணை போக மாதம் 2,500 ரூபாய் லாபம். முதல் மாதத்தில் இருந்தே.

இருவருக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது? நாளுக்குச் சுமார் 74 கி.மீ. ஞாபகம் வைக்க வசதியாக 75 என்று கொள்ளலாம். அதற்குக் கீழே ஓடினால் பெட்ரோல், மேலே ஓடினால் டீசல்.

இந்தக் கோடு நகரும் என்பதையும் மறக்கக் கூடாது. கூடுதல் விலை 1 லட்சம்தான் என்றால் 49 கி.மீ.க்கு இறங்கிவிடும். 2 லட்சம் என்றால் 98 கி.மீ.க்கு ஏறிவிடும். மைலேஜ் வித்தியாசம் சுருங்கி, டீசல் 17, பெட்ரோல் 15 என்று வந்தால் கோடு 118 கி.மீ.க்குப் போய்விடும். அதனால்தான் விளம்பர மைலேஜை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அதே வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் டேங்க் ஃபுல் பண்ணி, ஓடி, மறுபடி ஃபுல் பண்ணிக் கிடைத்த மைலேஜைக் கேட்பதே சரி.

தாம்பரத்தில் யார் எந்தப் பக்கம்?

தண்ணீர் கேன் வண்டி: முடிச்சூர், சேலையூர், செம்பாக்கம் என்று ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றும். பாதி நேரம் நின்று நின்று போகும். நாளுக்கு 75 கி.மீ. ஓடுவது அரிது. கணக்கு பெட்ரோல் பக்கம்.

கோயம்பேடு காய்கறி வண்டி: தாம்பரத்தில் இருந்து போய் வர ஏறக்குறைய 50 கி.மீ. காலையில் ஒரு நடை மட்டும் என்றால் பெட்ரோலே போதும். மதியம் வேறு வாடகையும் பிடிப்பவர் என்றால் கோட்டைத் தாண்டிவிடுவார்.

பாரிமுனை சரக்கு: போய் வர ஏறக்குறைய 60 கி.மீ. ஒரு நடையா இரண்டு நடையா என்பதே விடையை மாற்றும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்கல்பட்டு தொழிற்சாலை ஓட்டம்: நாளுக்கு இரண்டு நடை போனாலே 100 கி.மீ. தாண்டும். டீசல் பக்கம்.

வீடு காலி செய்யும் வாடகை, மண்டப வேலை: ஒரு நாள் 150 கி.மீ., அடுத்த இரண்டு நாள் வண்டி சும்மா நிற்கும். இவர்கள் நல்ல நாள் ஓட்டத்தைப் பார்க்கக் கூடாது. மாத மொத்தத்தை 26-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

டிராஃபிக்கில் டீசல் ஃபில்டர் அடைக்குமா?

ஆம், வாய்ப்பு உண்டு. பி.எஸ்.6 டீசல் வண்டியில் கரித்துகள் ஃபில்டரில் சேரும். புகைக்குழாய் நன்றாகச் சூடானால் அந்தக் கரி தானாக எரிந்து சுத்தமாகும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும்.

குரோம்பேட்டை சிக்னல், பல்லாவரம் நெரிசல், தெருவுக்குத் தெரு நிறுத்தம் என்று ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. கரி சேர்ந்து டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும். கடைசியில் சர்வீஸ் சென்டரில் மெஷின் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டி வரும். அன்றைய வாடகையும் போச்சு.

தாம்பரம்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெருங்களத்தூரில் தொடங்கும் சென்னை பைபாஸ், வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலை இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. விளக்கு எரிந்த உடனே, வண்டியின் கையேட்டில் சொன்ன வேகத்தில் அங்கே ஒரு ஓட்டம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாரத்தில் ஒருமுறைகூட அப்படி ஓட வாய்ப்பில்லாத தொழில் என்றால் டீசல் பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சில டீசல் வண்டிகளில் 'ஆட்ப்ளூ' திரவமும் தனியாக ஊற்ற வேண்டும். ஏஸ் கோல்டு பிளஸ், சாத்தி இரண்டிலும் அது தேவைப்படாத தொழில்நுட்பம் உள்ளது. எந்த வண்டி எடுத்தாலும் இந்தக் கேள்வியை ஷோரூமில் கேட்டுவிடுங்கள்.

பெட்ரோல் வண்டிக்குச் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜில் சில சதவீதம் அடி விழும். பழைய பெட்ரோல் வண்டியின் மைலேஜை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகும்.

ஓவர்லோடு இன்னொரு சிக்கல். 20 லிட்டர் கேன் ஒன்று தண்ணீரோடு 20 கிலோவுக்கு மேல். 750 கிலோ வண்டியில் 35 கேன் ஏற்றினாலே வரம்பை நெருங்கிவிடும். 50, 60 கேன் ஏற்றினால் சின்ன பெட்ரோல் இன்ஜின் எப்போதும் முழு ஆக்சிலேட்டரில்தான் ஓடும். 14 கி.மீ. மைலேஜ் கனவாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். தினமும் ஒரு டன் ஏற்றுவதுதான் தொழில் என்றால் 750 கிலோ பெட்ரோல் வண்டி சரியான வண்டியே அல்ல.

ஒரு டன்னுக்கு மேல் என்றால்?

இங்கே கதை வேறு. சிமெண்ட் 30 மூட்டை ஏற்றினால் 1.5 டன். டைல்ஸ், கம்பி, இயந்திர பாகம் எல்லாம் இந்த ரகம்தான். பொலேரோ பிக்-அப், தோஸ்த், இன்ட்ரா வி50 போன்ற இந்த வகை பிக்-அப்களில் பெரும்பாலும் டீசல்தான் கிடைக்கும். சில மாடல்களில் சி.என்.ஜி உண்டு.

காரணம் எண்களிலேயே தெரியும். 1 டன் ஏற்றும் இன்ட்ரா வி20 பெட்ரோலில் 106 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். சி.என்.ஜி.யில் ஓடும்போது அது 95. ஒன்றரை டன் ஏற்றும் இன்ட்ரா வி50 டீசல் தருவது 220. அந்த எடையை நாள் முழுக்க இழுக்க இன்றைக்கும் டீசலே பொருத்தம்.

அமெரிக்காவில் கனரக பிக்-அப் வாங்குபவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அங்கே பெரும்பாலும் பெட்ரோலை விட டீசல் விலைதான் அதிகம். டீசல் இன்ஜினுக்குப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகவும் கொடுக்க வேண்டும். அப்படி இருந்தும் பெரிய டிரெய்லரை நெடுந்தூரம் இழுப்பவர்கள் டீசலை எடுக்கிறார்கள். மற்றவர்கள் பெட்ரோலோடு திருப்தி அடைகிறார்கள். எடையும் தூரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

சி.என்.ஜி, மின்சாரம்?

சி.என்.ஜி.யில் கி.மீ. செலவு பெட்ரோலை விடக் குறையும். ஆனால் இழுவிசை கொஞ்சம் குறையும், சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு விட வேண்டும், பங்க்கில் வரிசை இருந்தால் காத்திருக்க வேண்டும். தினசரி ரூட்டிலேயே சி.என்.ஜி பங்க் இருந்தால் நல்ல தேர்வு.

ஏஸ் புரோ மின்சார வண்டிக்கு ஒரு சார்ஜில் 155 கி.மீ. என்று கம்பெனி சொல்கிறது. லோடோடு அது குறையும். இரவில் வண்டி நிற்கும் இடத்தில் சார்ஜ் வசதி இருப்பவருக்கு, ஒரே வட்டத்தில் ஓடும் தொழிலுக்கு ஏற்றது. தெருவோரம் நிறுத்துபவருக்குக் கஷ்டம்.

மழை வெள்ளத்தில் டீசல் தாங்குமா?

2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த முடிச்சூர், வரதராஜபுரம் மக்களிடம் இந்தக் கேள்வி உண்டு. ஸ்பார்க் பிளக் இல்லாததால் டீசல் வண்டி தண்ணீரில் போகும் என்ற நம்பிக்கை பழசு. இப்போதைய டீசலில் மின்னணுக் கருவிகள் நிறைய. காற்று உறிஞ்சும் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் எந்த இன்ஜினும் தாங்காது. அழுத்தம் அதிகமான டீசலில் சேதம் இன்னும் மோசமாகலாம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்து வருவதே நல்லது. இந்த விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சென்னையில் டீசல் வண்டிக்குத் தடை வருமா?

10 ஆண்டு டீசல் வண்டிகள் பற்றிய உத்தரவுகள் டெல்லி தலைநகர் பகுதிக்கானவை. தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் தொகை உள்ள நகரங்களில் 2027-க்குள் டீசல் நான்கு சக்கர வண்டிகளைத் தடை செய்யலாம் என்று பெட்ரோலியத் துறையின் ஆலோசனைக் குழு ஒன்று 2023-ல் சொன்னது. அது பரிந்துரை மட்டுமே. அந்தப் பயத்தில் மட்டும் டீசலை ஒதுக்கத் தேவையில்லை.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. போன மூன்று மாதத்தில் மொத்தம் எத்தனை கி.மீ. ஓடினீர்கள்? 78-ஆல் வகுத்தால் நாள் சராசரி.
2. தினமும் ஏற்றும் எடை எத்தனை கிலோ? ஊகம் வேண்டாம், ஒருநாள் எடை மேடையில் போட்டுப் பாருங்கள்.
3. இன்றைய ஆன் ரோடு விலையில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் எவ்வளவு வித்தியாசம்? அதற்கு மட்டும் மாதத் தவணை எவ்வளவு?
4. வாரத்தில் ஒருமுறையாவது நிற்காமல் நீண்ட ஓட்டம் உண்டா?
5. வண்டியை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? பழைய வண்டிச் சந்தையில் அந்த மாடல் என்ன விலை போகிறது?

தினமும் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றினால், அல்லது 75 கி.மீ. கோட்டுக்கு மேல் நிதானமாக நின்றால் டீசல். இரண்டும் இல்லையென்றால் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்பவர்கள், மாதத் தவணை எதில் குறைவோ அதை எடுப்பது பாதுகாப்பு. வாடகை வராத மாதத்தில் எரிபொருள் செலவு தானாகக் குறைந்துவிடும். தவணை குறையாது.